பேப்பரில் ஒரு கார், ரோட்டில் ஒரு கார்

கேள்வி:

ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறேன், வயது 27. அப்பா விவசாயம். 2017 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறோம், ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது. நாலு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்திருக்கிறேன். ஸ்டேஜ் 2 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை வேகத்துக்காக மாற்றியது), புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை போகும் குழாய்), டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், பம்பருக்குள் தாழ்வாக வைத்த ஏர் ஃபில்டர், காரைத் தாழ்த்தும் காயில்ஓவர் சஸ்பென்ஷன், 17 இஞ்ச் அலாய், பக்கெட் சீட், சிவப்பு வண்டிக்கு மேல் மேட் கிரே ரேப் (ஒட்டும் ஷீட்), 45,000 ரூபாய்க்கு மியூசிக் சிஸ்டம். மொத்தம் 3,60,000 ரூபாய் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது, ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு, 4,20,000. ஒரு நிறுவனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான கவர்) தர முடியாது என்றுவிட்டார்கள். ஏஜென்ட், "ஏன் சொல்றீங்க? ஆன்லைன்ல ரெனியூவல் போட்டுருங்க, யாரு வந்து பாக்கப் போறா" என்கிறார். வெளிநாட்டில் இப்படிப்பட்ட கார்களுக்குத் தனி பாலிசி இருப்பதாகப் பார்த்தேன். இங்கே இல்லையா? இல்லாவிட்டால் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டலாமா?

பதில்:

தம்பி, உங்கள் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. பாலிசி முடியும் முன்பே ரெனியூவல் போட்டுவிட்டால் பெரும்பாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்க்க வருவது வண்டி அடிபட்ட பிறகு. அப்போது வருகிறவன் என்னைப் போன்ற சர்வேயர், சேதத்தைப் பார்த்து நிறுவனத்துக்கு ரிப்போர்ட் கொடுப்பவன். 22 வருஷமாகத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு இந்த டெல்டா முழுக்க இதே வேலைதான் செய்கிறேன். ஆர்சியையும் பாலிசியையும் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவேன். வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்தால் ஸ்பிரிங்கின் நிறமே காட்டிக்கொடுக்கும். கீழே குனிந்தால் சைலன்சர் லைனில் கைவெல்டிங் தெரியும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாதே என்று நினைக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகினால் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மென்பொருள் மாற்றி எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். நான் பார்த்ததை எழுதாமல் விட முடியாது. என் உரிமமே அதில்தான் இருக்கிறது.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பங்குனி மாதம், நீடாமங்கலம் பக்கம். சம்பா அறுத்த வயலில் போட்ட உளுந்தைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையட்டும் என்று நம் ஊரில் வழக்கமாகச் செய்வதுதான். கம்பெனி உயரத்தில் இருக்கும் கார் மெதுவாகப் போனால் பெரும்பாலும் தப்பித்துவிடும். இந்தக் கார் இரண்டு இஞ்ச் இறக்கியது. அதோடு டவுன்பைப் மாற்றும்போது கழற்றிய வெப்பத் தகட்டைத் திரும்பப் போடவில்லை. செடி அடியில் சுற்றிக்கொண்டு சூடான பைப்பில் ஒட்டி, அரை கிலோமீட்டர் போவதற்குள் பற்றிக்கொண்டது. பையன்கள் இரண்டு பேரும் குதித்துத் தப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நான் போனபோது உளுந்துத் தண்டு டிரைவ் ஷாஃப்டில் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக் கிடந்தது. பானெட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் எல்லாம் உருகி வழிந்து இறுகியிருக்க, அந்த டவுன்பைப் மட்டும் நீலம் பாரித்து முழுசாக நின்றது.

தீ விபத்து பாலிசிக்குள் வருவதுதான். வண்டி கம்பெனி நிலையில் இருந்திருந்தால் என் ரிப்போர்ட் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் தீ எங்கே ஆரம்பித்தது, ஏன் ஆரம்பித்தது என்று எழுத வேண்டிய இடத்தில் பாலிசியில் இல்லாத பைப்பைத்தான் எழுத வேண்டியிருந்தது. நிறுவனம் கிளெய்மை மறுத்தது. "தீப்பிடிச்சா பணம் தருவோம்னுதானே சார் சொன்னாங்க" என்று பையனின் அம்மா கேட்டார்கள். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவர்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வெறும் பிடிவாதம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கதவை முழுதாக மூடிவிடவும் இல்லை. அங்கீகரித்த சிஎன்ஜி கிட் போடலாம், மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காக வண்டியை மாற்றலாம், இன்ஜின் மாற்றலாம், எல்லாம் ஆர்டிஓ அனுமதியோடு. ஆனால் ஸ்டேஜ் 2 ரீமேப்பையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (கேட்கான்) இல்லாத பைப்பையும் ஆர்சியில் ஏற்றிக்கொடுக்க எந்த ஆர்டிஓவிலும் வழியில்லை. ஆர்சியில் ஏற முடியாத ஒன்றை பாலிசியில் எழுதச் சொன்னால் பாலிசி தரலாமா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டர் என்ன செய்வார்? இங்கிலாந்தில் மாற்றிய கார்களுக்கென்றே பாலிசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் பார்த்தது சரிதான். அங்கே அப்படிப்பட்ட வண்டி சட்டப்படி ரோட்டில் ஓட வழி இருக்கிறது, அதற்கு மேல்தான் அந்த வியாபாரம் நிற்கிறது. இங்கே அந்த அடித்தளம் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது. எனக்கு உங்கள் மூன்றரை லட்சத்தைவிட அதுதான் கவலை.

கார் எரிந்து போனால் போகட்டும், காரோடு முடியும். ஆள் மேல் மோதினால் அப்படி முடியாது. சாயங்காலம் வேலை முடிந்து டிவிஎஸ் 50-இல் வீட்டுக்குத் திரும்பும் ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 42, மாதம் 15,000 சம்பாத்தியம், அவரை நம்பி வீட்டில் நாலு பேர். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் என்றால், வருஷ வருமானம் 1,80,000. எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்று 25 சதவீதம் சேர்த்தால் 2,25,000. அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழித்தால் 1,68,750. அந்த வயதுக்கு 14 மடங்கு. 23,62,500 ரூபாய் வருகிறது. மனைவி மக்களின் இழப்பு, இறுதிச் சடங்குச் செலவு எல்லாம் அதற்கு மேல், வட்டியும் உண்டு. மரணத்துக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டியில் உச்சவரம்பு கிடையாது, அதனால் முறையான பாலிசி இருந்தால் நிறுவனம் முழுவதையும் கட்டும்.

முக்கியமான செய்தியை மறைத்து வாங்கிய பாலிசி செல்லாது என்று வாதாட மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்த வாதம் எடுபட்டால், செத்தவர் குடும்பம் தவித்து நிற்கக் கூடாது என்பதற்காக தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஓர் ஏற்பாடு செய்யும். முதலில் நிறுவனம் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரும். உரிமையாளர் என்றால் ஓட்டின நீங்கள் இல்லை. ஆர்சியில் பெயர் இருக்கும் உங்கள் அப்பா. வசூலுக்கு வரும்போது அவர் பெயரில் இருக்கும் நிலத்தின் மேல்தான் கை வைப்பார்கள். அப்படி ஜப்தி நோட்டீஸ் வந்த ஒரு வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு டவுன்பைப் என்றால் என்னவென்றே தெரியாது.

இன்னொன்று. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போதுதான். ஓட்டுவது நீங்கள், உரிமையாளர் அப்பா என்றால் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பணம் பெரிதில்லை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000-இலிருந்து 1500 சிசி வரையுள்ள காருக்கு வருஷம் 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கு யாரும் பொதுவாக மறுப்பதும் இல்லை. ஆனால் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் காருக்குள் உட்கார்ந்து வரும் உங்கள் நண்பர்கள் அடங்க மாட்டார்கள், பலருக்கும் இது தெரியாது. ரோட்டில் போகிறவர் தேர்ட் பார்ட்டி. உங்கள் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் அந்தக் கணக்கில் வர மாட்டார். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில்தான் அவருக்கு இடம் உண்டு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் வேளாங்கண்ணி போகிற வண்டி என்றால் பேக்கேஜ் பாலிசி வேண்டும். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் அதே 150-ஆம் பிரிவு தேர்ட் பார்ட்டிக்கும் பொருந்தும் என்பதால் அதுவும் தப்பிக்கிற வழியாக ஆகாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். சொல்ல முடியாதவற்றை வண்டியிலிருந்து இறக்குங்கள், மிச்சத்தை எழுத்தில் சொல்லுங்கள். நாலு வருஷ உழைப்பு, மனசு கேட்காது என்று தெரியும். காசைவிட அதில் போட்ட நேரம்தான் வலிக்கும்.

ரீமேப்பைக் கம்பெனி மேப்புக்கே திருப்பிவிடுங்கள், டியூன் செய்தவரே செய்து தருவார். கேட்கானோடு கம்பெனி டவுன்பைப்பைத் திரும்ப மாட்டுங்கள், வெப்பத் தகடு உட்பட. காயில்ஓவரைக் கழற்றிக் கம்பெனி ஸ்பிரிங்குக்கும் டேம்பருக்கும் போய்விடுங்கள். 17 இஞ்ச் வீலை விற்றுவிட்டு கம்பெனி கொடுத்த அளவில் நல்ல டயர் போடுங்கள். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் புதிதாக மாற்றுங்கள், நான் பார்த்த வேகக் கார்களில் பாதிக்கு மேல் அதில்தான் கஞ்சத்தனம். பக்கெட் சீட்டைக் கழற்றிப் பழைய சீட்டையும் சீட் பெல்ட்டையும் இருந்த இடத்தில் வையுங்கள். ஆர்சியில் சிவப்பு என்று இருக்கும்போது வண்டி கிரேயாக நின்றால் எந்தச் செக்போஸ்டிலும் கேள்வி வரும், எனவே ரேப்பை உரித்துவிடுங்கள். அந்த நிறம்தான் வேண்டும் என்றால் கும்பகோணம் ஆர்டிஓவில் முறையாக நிறம் மாற்ற விண்ணப்பித்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். இன்டர்கூலரைப் பற்றி எனக்கு அவ்வளவு சங்கடம் இல்லை, மேப் கம்பெனி மேப்பாக இருந்தால். ஆனாலும் பட்டியலில் எழுதுங்கள், வேண்டாம் என்றால் அவர்களே சொல்லட்டும்.

ஏர் ஃபில்டரை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள், பாலிசிக்காகக் காத்திருக்க வேண்டாம். பம்பருக்குள் தாழ்வாக வைத்த ஃபில்டர், ஐப்பசி கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரைக்கூட உறிஞ்சிவிடும். நிரம்பி வழியும் வாய்க்கால் ஓரச் சாலைதான் நமக்குச் சாலை. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி வந்த ஒரு இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியதும் கலங்கல் தண்ணீர் பீய்ச்சியடித்தது, கூடவே வைக்கோல் துணுக்கு. சாதாரண பாலிசியில் இந்த இன்ஜின் சேதம் சேராது. இன்ஜின் புரொடெக்ஷன் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். டெல்டாவில் கார் வைத்திருக்கும் யாருக்கும் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் வண்டிக்கு வயதாகிவிட்டதால் எல்லா நிறுவனமும் தராது, கேட்டுப் பாருங்கள்.

பிறகு கடிதம். ஆன்லைனில் போடாதீர்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். அரசுத் துறை நிறுவனங்களுக்குத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அலுவலகம் இருக்கிறது. வண்டியில் மிச்சம் இருக்கும் கம்பெனி அல்லாத பாகம் ஒவ்வொன்றும், எப்போது மாட்டியது, பில் தொகை, அதன் போட்டோ, எல்லாம் ஒரே கடிதத்தில். வண்டியை இன்ஸ்பெக்ஷன் செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். கடித நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அந்த விவரம் என்டார்ஸ்மென்டாக (பாலிசியோடு சேர்க்கும் எழுத்துக் குறிப்பாக) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், வாய்வார்த்தையில் "சொல்லியாச்சு சார்" என்பது கிளெய்ம் அன்று நிற்காது. மியூசிக் சிஸ்டம் போன்ற மின்சாதனத்துக்குப் பழைய டாரிஃப் (கட்டண அட்டவணை) வழக்கப்படி மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். உங்கள் 45,000-க்கு 1,800 ரூபாய். மின்சாதனம் அல்லாதவற்றின் மதிப்பு ஐடிவியோடு சேரும். ஆக்சசரீஸ் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுத் திருட்டு போன பிறகு பில்லை நீட்டுகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று முடிப்பார்கள். உங்களுக்கு அது 3,15,000. அப்போது கைக்கு வருவது 4,20,000-ஐ ஒட்டிய தொகைதான், நீங்கள் போட்ட 3,60,000 அதில் எங்கும் இருக்காது. ஐந்து வருஷம் தாண்டிப் பத்து வருஷத்துக்குள் இருக்கும் காருக்கு இரும்புப் பாகத்தில் 40 சதவீதம், பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் பாதி தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் கவர் இந்த வயதில் கிடைப்பது கடினம். கழற்றிய பாகங்களை இப்போதே விற்றால் வருகிற பணம்தான் உங்களுக்கு உண்மையான இழப்பீடு.

வேகம் உங்களுக்குப் பிடிக்கும், அதைக் குற்றமாக நான் சொல்ல வரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது, கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. எதிரே டிராக்டரும் கரும்பு லோடும் வராத இடம், பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடம். அங்கே நடப்பது எந்தச் சாதாரண பாலிசியிலும் சேராது, ரேஸும் வேகப் பரிசோதனையும் பாலிசியிலேயே விலக்கப்பட்டவை. அந்த ரிஸ்க் முழுக்க உங்களுடையது என்று தெரிந்து போக வேண்டும். விக்கிரவாண்டி தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில் ராத்திரி டைம் பார்ப்பதும் அதே விலக்குக்குள் கொண்டுவரப்படலாம், அங்கே ஓரத்தில் ஆடு ஓட்டி வருகிறவரும் இருப்பார்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் நாளைக்கு ஒரு கிளெய்மை மறுத்தால் விட்டுவிடாதீர்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள் மனு போடலாம், வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. தனியார் காரை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுதாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் காட்டிப் பலர் ஏதோ ஒரு பங்கு வாங்கியிருக்கிறார்கள். நான் சொன்ன அந்த எரிந்த காருக்கும் கடைசியில் அப்படித்தான் ஒரு பகுதி கிடைத்தது, ஒன்றரை வருஷம் அலைந்த பிறகு. ஆனால் மாற்றமே விபத்துக்குக் காரணம் என்று தெரியும்போது இந்த வாதம் ரொம்ப தூரம் போகாது.

உங்களிடம் ஒரு மாதம் இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் வண்டியைத் திருப்பிக் கட்டுங்கள், மூன்றாவது வாரம் அலுவலகத்துக்குப் போங்கள். பாலிசி முடிய விடாதீர்கள். முடிந்தால் இன்ஸ்பெக்ஷன் கட்டாயமாகும், 90 நாள் தாண்டினால் கிளெய்ம் கேட்காமல் இத்தனை வருஷம் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடியும் போய்விடும். அதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும், எனக்கு எழுதிய அதே பட்டியலை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். புரபோசல் (பாலிசி விண்ணப்ப) படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்.

உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர், தஞ்சாவூர்